ஆற்றங்கரையும் எழுத்தும்

“சொந்த ஊர் சென்று, வயல் வரப்பில் நான்கு நாள் அமர்ந்தால்தான் எழுத வரும்” என்று நம் சங்க அன்பர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். அலுவலும் நகர நெரிசலும் உள்ளத்தை வறளச் செய்வது மெய்யே. ஆயின், இயற்கை நம் ஊரில் மட்டுமா குடியிருக்கிறது?

கவி ரவீந்திரநாத் தாகூர் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர். 1890-களில் குடும்ப ஜமீனை மேற்பார்க்க, இன்று வங்காளதேசத்திலுள்ள ஷிலைதா, ஷாஜாத்பூர் பகுதிகளுக்குச் சென்றார். ஓய்வு நாடியன்று, அலுவலின் பொருட்டே சென்றார். பத்மா நதியில் படகிலேயே பல நாள் தங்கினார். மணல் திட்டும், மழை மேகமும், படித்துறை மக்களும் அவர் எழுத்தில் புகுந்தனர். ஷாஜாத்பூர் ஜமீன் கட்டடத்திலேயே இருந்த அஞ்சல் நிலையத்தின் அதிகாரி, 1891-இல் வெளிவந்த ‘போஸ்ட்மாஸ்டர்’ சிறுகதைக்கு வித்தானார். நகரத்தைப் பிரிந்து, அயலூரில் தனிமையில் வாடும் ஒருவனின் கதை அது. நம்மில் பலருக்கு அது அயலார் கதையன்று.

அந்நாளில் அண்ணன் மகள் இந்திரா தேவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் 1912-இல் ‘சின்னபத்ர’ என்னும் நூலாயின. கடிதம் எழுத வல்லார்க்கு எழுத்து எட்டாக் கனியன்று.

ஆதலின், விடுமுறை நாளில் நாம் குடியிருக்கும் ஊரின் ஆற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ செல்வோம். அறியாத மரத்தின் பெயரை அவ்வூராரிடமே கேட்டறிவோம். கண்டதை, ஊரிலுள்ள பெற்றோர்க்கு எழுதுவதுபோல் எழுதுவோம். நம் குழந்தைகள் ஓடி விளையாடுவது இந்த மண்ணில்தான். இதை நாம் தமிழில் எழுதி வைக்காவிடில், அவர்கள் அறிந்த மரமும் மழையும் தமிழுக்கு அயலாகவே நின்றுவிடும்.