இன்ஜின் விளக்கை அழித்தால் கோளாறு தீருமா?

சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டீசல் வேனில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்ததாம். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அழித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் மேட்டில் இழுவை குறைந்து, விளக்கு மறுபடி எரிகிறது. ‘டீசல் பம்பையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?’ என்று கேட்கிறார் ஒட்டன்சத்திரம் பக்கத்து வாசகர் ஒருவர்.

அவசரம் வேண்டாம். ஸ்கேனர் அழிப்பது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைத்தான், கோளாறை அல்ல. விளக்கு எரிந்த நேரத்தில் இன்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்ற பதிவும் அதோடு போய்விடும். காரணம் தேட உதவுவதே அந்தப் பதிவுதான்! எனவே, அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எண் பி0087 என்றிருந்தால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரியும் ரெயில் குழாயில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், குழாய் இணைப்பில் காற்று இழுத்தாலும் இதே எண் வரும். கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றுபவர்கள் ஃபில்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தண்ணீரும் தூசியும் அங்கேதான் சேரும். ஃபில்டரை மாற்றி, எண்ணை அழித்து, அதே மேட்டில் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் வந்தால், அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லிவிட்டுப் பம்பில் கை வைக்கலாம்.