கோடு போட்டவன் காலைப் பார்த்தானா?

புது ஸ்கீ வாங்குகிற யாரும் கடையில் கேட்கும் முதல் கேள்வி நீளம். அடுத்தது அகலம், பிறகு விலை. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. வந்தாலும் பதில் தயார். "கம்பெனி கோடு போட்டிருக்காங்க சார், அதுல வெச்சு அடிச்சிடலாம்."

அடிச்சிடலாம்தான். ஆனால் அடித்த துளையைத் திரும்ப எடுக்க முடியாதே!

பனிச்சறுக்கைப் பார்த்தே இராதவர்களுக்காகச் சுருக்கமாக: பலகையின் மேல் ஒரு கோடு இருக்கும். பூட்ஸின் அடிப்பாகத்தின் பக்கவாட்டில் நடுவைக் காட்டும் இன்னொரு கோடு இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வருகிற மாதிரி வைத்து, ஒரு பலகைக்குப் பெரும்பாலும் எட்டுத் துளை, ஜோடிக்குப் பதினாறு துளை போடுவார்கள். உள்ளே உலோகத் தகடு இல்லாத பலகைக்கு 3.6 மி.மீ. டிரில், தகடு உள்ளதற்கு 4.1 மி.மீ. ஆழம் சுமார் 9 மி.மீ. வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் மலையில் எப்படித் திரும்புவார், எங்கே தடுமாறுவார் என்பதில் ஒரு பெரிய பங்கு அந்தத் துளைகளுக்குப் போய்விடுகிறது.

பைண்டிங் முன்னால் போனால் பலகை சட்டென்று திரும்பும், சுழற்றுவது எளிது. ஆனால் புதுப்பனியில் மூக்கு உள்ளே புதையும், வேகத்தில் நடுங்கும். பின்னால் போனால் புதுப்பனியில் மிதக்கும், வேகத்தில் நிற்கும். ஆனால் திருப்பத்தைத் தொடங்குவதற்குள் தொடை வலி எடுத்துவிடும். இரண்டுமே தவறில்லை. யாருக்கு எது என்பதுதான் கேள்வி. அதைத்தான் கடைக்காரர் கேட்பதில்லை.

சரி, அந்தக் கோடு யாருக்காகப் போட்டது? ஏதோ ஒரு அளவு பூட்ஸ் போட்ட சோதனையாளர்கள் ஓட்டிப் பார்த்துச் சொன்னதுதான். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் கால்!

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பலகையை அழுத்துவதும் திருப்புவதும் பெரும்பாலும் பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேடு. அது குதிகாலிலிருந்து முக்கால் பாதத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும், 72 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 28.5 செ.மீ. பாதத்தில் அந்த மேடு நடுவிலிருந்து சுமார் 6.3 செ.மீ. முன்னால் இருக்கும். 22.5 செ.மீ. பாதத்தில் சுமார் 5 செ.மீ.தான். இரண்டு பேரின் பூட்ஸ் நடுவையும் ஒரே கோட்டில் வைத்தால், சின்னக் கால்காரர் பலகையின் மேல் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாகப் பின்னால் நிற்கிறார். அவர் செய்த தப்பு? கால் சின்னதாக இருப்பது!

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க வீராங்கனை ஜீனி தோரன். ஆண்களை வைத்துச் செய்த கருவிகள் பெண்களுக்குப் பொருந்தவில்லை, பைண்டிங்கை முன்னால் நகர்த்துங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைகள் அதை என்ன செய்தன? "லேடீஸா? ஒரு சென்டிமீட்டர் முன்னாடி" என்று வாய்ப்பாடாக்கிவிட்டன. கால் பெரிதான பெண்ணுக்கும் அதே. கால் சிறுத்த ஆணுக்கு மட்டும் பழைய கோடு! பெண்களுக்கென்று வரும் பல பலகைகளில் கோட்டையே கம்பெனி முன்னால் போட்டிருக்கும். அதற்கு மேல் கடைக்காரர் இன்னொரு சென்டிமீட்டர் தள்ளினால், ஒரே நோய்க்கு இரண்டு டாக்டரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்ட கதைதான் :-)

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. "ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் எக்ஸ்பர்ட்டுக்குத்தான் தெரியும், சாதாரண ஆளுக்குத் தெரியாது." இதைவிட அநியாயமான வாதம் இல்லை. எக்ஸ்பர்ட்டுக்குத் தெரியும், அதனால் அவர் மாற்றிக்கொள்வார். புதிதாகக் கற்பவருக்குத் தெரியாது, அதனால் குறை தன் உடம்பில்தான் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு சீசன் விழுந்து எழுந்து, "எனக்கு இது வராது" என்று பலகையை விற்றுவிடுவார். துளையை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கோட்டின் நிலைமையும் முன்பு போல இல்லை. 1998-ல் சாலமன் 1080 வந்தது. இரண்டு முனையும் வளைந்த பலகை, பின்னோக்கியும் சறுக்கலாம். நடு மையத்துக்கு அருகே பைண்டிங் வைக்கும் பழக்கம் பரவியது. 2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்கான்கியின் யோசனையில் பிறந்த வோலன்ட் ஸ்பாட்டுலா, முனைகள் தரையைத் தொடாமல் மேலே வளைந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று பாதிக்கு மேல் கடையில் தொங்குவது அந்த வளைவின் ஏதாவது ஒரு பேரப்பிள்ளைதான். இப்படிப்பட்ட பலகை கெட்டிப்பனியில் ஒரு நீளத்துக்குத் தரையைத் தொடும், புதுப்பனியில் வேறு நீளத்துக்கு. அப்படியானால் "நடு" எது? ஒரே கோடு இரண்டுக்கும் பதில் சொல்லுமா?

தப்பு தெரிந்த பிறகு மாற்றலாமே என்பார்கள். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு போய்விடும். அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும் என்ற ஆளுக்குப் பழைய துளையே வழி மறிக்கும். பழையதை அடைத்து, பசை ஊற்றி, வேறிடத்தில் அடித்தாலும் பலகை பலவீனமாகும், விற்கும்போது விலையும் விழும். பத்து நிமிடம் கேள்வி கேட்கச் சோம்பல்பட்டதற்கு வாடிக்கையாளர் கட்டும் அபராதம் இது.

இதற்காகக் கோட்டை எல்லோரும் அழித்துவிட வேண்டியதில்லை. இணையத்தில் எவரோ சொன்னார் என்று மூன்று சென்டிமீட்டர் தள்ளுவதும் அதே குருட்டுத்தனம்தான். கோடு ஒரு தொடக்கப்புள்ளி. கடைக்காரர் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: பாதம் எவ்வளவு, கெட்டிப்பனியா புதுப்பனியா, நிற்பது முன்சாய்ந்தா நிமிர்ந்தா. முன்னும் பின்னும் நகரும் டெமோ பைண்டிங் வாடகைக்குக் கிடைக்கிறது. கொஞ்சம் கனம், கொஞ்சம் உயரம் கூடுதல்தான். ஆனாலும் அதே மாடல் பலகையில் கோட்டில் ஒரு தடவை, ஒன்று முன்னால் ஒரு தடவை, ஒன்று பின்னால் ஒரு தடவை என்று ஒரே சரிவில் இறங்கிப் பார்த்தால் கால் தானே பதில் சொல்லும். டிரில்லை எடுக்கும் முன் இரண்டு பலகைகளையும் சேர்த்து வைத்து, கோடுகள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். எந்த அளவு பூட்ஸை வைத்து இந்தக் கோடு போடப்பட்டது என்று கோட்டுக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். பலகை முழுக்கப் படம் வரைய இடம் இருக்கிறது, இரண்டு எண்ணுக்கு இடம் இல்லையா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் 9 மி.மீ. என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது காலின் அளவுதான்.