முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் நம் பக்கத்தில் ஊர்ப் பேச்சும் வந்துவிடும். பழனி, மதுரை, இராமேசுவரம் என்று யாத்திரை கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். தாத்தா பிறந்த கிராமத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். பாட்டன்மார் ரஜூலாவிலும், பிறகு சிதம்பரம் கப்பலிலும் ஏறக்குறைய ஒரு வாரம் அலையில் ஆடிப் போன ஊர் அது. 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் பிரயாணம் முடிந்தது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேராகவே விமானம் விட்டார்கள்.

போக எத்தனை வெள்ளி ஆகும் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். போன இடத்தில் அந்த வெள்ளியையும் கழுத்துச் சங்கிலியையும் எப்படிக் காப்பது என்று விசாரிக்கிறவர் குறைவு.

நம் தாய்மார்கள் ஏமாளிகள் அல்லர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது, சங்கிலியை இரவிக்கைக்குள் தள்ளி ஊக்குக் குத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஹட்யாய் சந்தைக்குப் போனால் கைப்பை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பாஷை தெரியாத ஊர் என்ற பயமே அங்கே காவல். சென்னையில் இறங்கியதும் அந்தக் காவல் கழன்று போகிறது. கடைப் பலகையில் தமிழ், காதிலும் தமிழ். ‘எந்த ஊரும்மா நீங்க?’ என்று ஒருவன் கேட்டுவிட்டால் மனம் குளிர்ந்து போகிறது. ‘மலேசியா தம்பி, சுங்கைப்பட்டாணி பக்கம்’ என்று முகவரி வரைக்கும் சொல்லிவிடுகிறோம். கேட்டவன் நல்லவனாக இருந்தால் குற்றமில்லை. பெரும்பாலோர் நல்லவர்கள்தாம். கெட்டவனும் அதே தமிழில்தானே பேசுகிறான்!

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தியைக் கேளுங்கள். வயதான அம்மா ஒருவர் கோயிலுக்கோ கடைக்கோ தனியாக நடந்து போகிறார். சுத்தமாக உடுத்திய இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். ‘நாங்க போலீஸ். அடுத்த தெருவில் ஒரு பெண்ணை வெட்டிப்போட்டு நகையைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். நீங்க இப்படி நகையோடு போகலாமா? கழற்றிப் பையில் வையுங்கள்’ என்று அக்கறையாகக் கடிந்துகொள்கிறார்கள். அதற்குள் மூன்றாவது ஆள் ஒருவன் வருவான். அவனையும் அதட்டுவார்கள். அவன் உடனே தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பான். அதைக் காகிதத்தில் மடித்து அவனிடமே திருப்பித் தருவார்கள். அவனும் கூட்டாளி என்பது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய்த் தானும் கழற்றித் தருகிறார். அவருக்கும் ஒரு பொட்டலம் கிடைக்கிறது. வீட்டில் போய்ப் பிரித்தால் உள்ளே கூழாங்கல்!

கத்தி இல்லை, அடிதடி இல்லை. காலையில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டி, மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்கிய நாலு பவுனைத் தம் கையாலேயே கழற்றிக் கொடுக்க வைத்துவிட்டார்கள்.

இன்னொரு வகை இதைவிட மோசம். ‘பக்கத்துத் தெருவில் ஒரு சேட்டு ஏழைகளுக்குச் சேலையும் பணமும் தருகிறார். நகையோடு போனால் தரமாட்டார், கழற்றிப் பையில் வையும்மா’ என்று அழைத்துப் போவான். நடுவழியில் பையும் போகும், ஆளும் போவான். கீழே பத்து ரூபாய் நோட்டுகளை இறைத்துவிட்டு, ‘ஐயா, உங்க பணம் விழுந்து கிடக்கு’ என்று சொல்லுவது மூன்றாவது வகை. குனிந்து பொறுக்குவதற்குள் பக்கத்தில் வைத்த பெட்டி மறைந்துவிடும். இது வங்கி வாசலிலும் ரயில் நிலையத்திலும் நடப்பது.

பாங்காக்கிலும் இதே கதைதான். அரண்மனை பார்க்கப் போகிறவரை நல்ல உடையில் ஒருவன் நிறுத்தி, ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’ என்பான். வேறு இடம் காட்டுவதாகச் சொல்லி, கடைசியில் ஒரு கல் கடையில் கொண்டுபோய் விடுவான். உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் முதலீடு உபகாரம்தான்.

ஜேப்படிக்காரனுக்குத் தமிழில் முடிச்சவிழ்க்கி என்று பழைய பெயர் உண்டு. அந்தக் காலத்தில் காசு முந்தானை முடிச்சிலும் வேட்டி மடிப்பிலும் இருந்தது. அவிழ்க்கும்போது ஆள் வேறு பக்கம் பார்த்தாக வேண்டும். இப்போது முடிச்சு போய்ப் பணப்பை வந்திருக்கிறது. ஆளை வேறு பக்கம் பார்க்க வைக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்வது எந்த ஊரிலும் போலீஸ் வேலை அல்ல. அப்படி யாராவது சொன்னால், ‘ஸ்டேஷனுக்கே வர்றேன், அங்கே பேசலாம்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஆள் நிறைந்த கடைக்குள் ஏறிவிடுங்கள். அவன் பின்னால் வரமாட்டான். அங்கே அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் 112.

‘சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கழுத்து மொட்டையாகவா போவது?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். மண்டபத்தில் போட்டுக்கொள்ளுங்கள், தெருவில் வேண்டாம். ரயிலில் ஜன்னலோரம் கழுத்தை வைத்துத் தூங்கவே கூடாது. வண்டி மெதுவாகும் இடத்தில் வெளியிலிருந்தே கை வரும். பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் இருக்கும் வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டலாம். வழியில் பழகியவர் பிஸ்கட், காப்பி கொடுத்தால் மறுப்பது நம்மவர்க்குச் சங்கடம். மயக்க மருந்து கலந்து கொடுத்த வழக்குகள் பல உண்டு. ‘வயிறு சரியில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்க்குப் பாவமில்லை.

பழைய நினைவும் நம்மை ஏமாற்றும். பெரியவர்கள் பிராட்வே என்பார்கள், அடுத்தவர்கள் கோயம்பேடு என்பார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தபின், தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. போன பயணத்தில் மிஞ்சியது என்று பீரோவில் துணிக்கடியில் ரூபாய் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். பழைய 500, 1000 நோட்டுகள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தெருவில் ‘நல்ல விலை தருகிறேன்’ என்று வெள்ளி மாற்ற வருகிறவன் இவற்றைத்தான் தள்ளிவிடப் பார்ப்பான். விமான நிலையத்திலோ வங்கியிலோ மாற்றுங்கள், ரசீது வாங்குங்கள்.

பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள். அன்றைய செலவுக்கு மட்டும் கையில், மற்றது உள்பையில், கொஞ்சம் வீட்டுக்காரரிடம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் போலீசில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். பிறகு சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போகும்போது பழைய பாஸ்போர்ட்டின் நகல் கையில் இருந்தால் வேலை சுலபம். ஆகவே புறப்படும் முன் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று பெட்டியில், இன்னொன்று பயணத்துக்கு வராமல் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம்.