கண் காணாத ஒளி

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. இஃது ஊர் வழக்குகளுக்கு மட்டுமன்றி, வான ஆராய்ச்சிக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

வில்லியம் ஹெர்ஷல் என்னும் அறிஞர், தொலைநோக்கியில் வட்டமாகத் தோன்றிய சில விண்முகில்களைக் கோளொத்த முகில்கள் என்று அழைத்தார். உண்மையில் அவை கோள்களோடு தொடர்புடையன அல்ல. ஞாயிறு போன்ற விண்மீன்கள் தம் இறுதிக் காலத்தில் வெளியே வீசிய வளியும் தூசுமேயாம். கண்ட தோற்றத்தால் எழுந்த பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது.

அவ்வறிஞரே 1800ஆம் ஆண்டில் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறநிறமாகப் பிரித்தார். வெப்பமானிகளை வைத்து நோக்கினார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் வெப்பம் ஏறிற்று. கண் காணாத கதிரை வெப்பமானி காட்டிக் கொடுத்தது. அதுவே அகச்சிவப்புக் கதிர்.

அவர் மைந்தர் ஜான் ஹெர்ஷல் 1835இல் கண்ட தென்வளைய முகிலை நோக்குவோம். அதன் நடுவே விண்மீன் ஒன்று பேரொளியுடன் திகழ்கின்றது. முகிலை வீசியது இதுவே என்று நம் கண் துணிந்து சான்று கூறும். அச்சான்று பொய். அருகே மங்கித் தோன்றும் மற்றொரு மீனே மாய்ந்துகொண்டிருப்பது. முகிலுக்குப் பிறப்பிடமும் அதுவே. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் படங்கள் வெளியாயின. அகச்சிவப்புப் படமொன்றில் அம்மங்கிய மீன் செந்நிறத்தில் தெளிவாக விளங்கிற்று. வெதும்பிய தூசு அகச்சிவப்புக் கதிர்களை வீசுமாதலின், அம்மீனைத் தூசு போர்த்திருத்தலும் முதன்முறையாகப் புலனாயிற்று.

"கண் காணாத கதிருக்கு நிறம் ஏது? அப்படங்கள் வெறும் வண்ணப் பூச்சே" என்பர் சிலர். அறிஞர் நிறங்களை மனம்போனபடி இடுவதில்லை. நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகிய அலைகளுக்கு நீலமுமாக முறைப்படி அளிக்கின்றனர். அம்முறையை வெளிப்படையாகவும் கூறுகின்றனர். நிலப்படத்தில் மலைக்கு ஒரு நிறமும் சமவெளிக்கு ஒரு நிறமும் இடுகின்றோம். அதனைப் பொய் என்பார் உளரோ?

நம் ஞாயிறும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் இந்நிலையை அடையும். அதன் முடிவை நாம் காணப்போவதில்லை. பிற மீன்களின் முடிவைக்கொண்டே அறிகின்றோம். ஆதலின், மாணவர்களே, ஒளிர்வதையே உண்மை என்று கொள்ளாதீர். மங்கிக் கிடப்பதையும் தீர விசாரியுங்கள்.