காடி படுத்தும் பாடு

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாலும் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கும். இரும்புச் சட்டி டங் டங்கென்று சத்தம் போடும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஃப்ரைடு ரைஸ் சாப்பிடுகிற ஆசாமி, எதிரே இருக்கும் பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டுக்கொள்வார். தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதில் பச்சை மிளகாய்த் துண்டுகள் நீச்சலடிக்கும். அந்த பாட்டில்தான் இந்த வாரக் கதாநாயகன். இதையே வெளிநாட்டில் அழகான சீசாவில் ஊற்றி, உள்ளே ஒரு செடிக் கொம்பைச் செருகி, கழுத்தில் ரிப்பன் கட்டி, 'வாசனை வினிகர்' என்று யானை விலைக்கு விற்கிறார்கள்.

நமக்கு ஊர் கருங்குழி. உடனே, "வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊரா சார்?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. நம்முடையது ஜி.எஸ்.டி. ரோட்டில், சென்னையிலிருந்து போனால் மதுராந்தகத்துக்கு முன்னால் வருவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்ட கோட்டை இருந்த ஊர். இப்போது சண்டையெல்லாம் காலை ரயிலில் ஜன்னல் ஸீட்டுக்கு மட்டும்தான்.

விஷயம் அப்பாவிடமிருந்து ஆரம்பித்தது. ரத்தக் கொதிப்பு. "உப்பைக் குறைங்க" என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். அப்பா அந்த ஒரு டீஸ்பூனைக் காலைப் பழையதுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலேயே முடித்துவிடுகிற ரகம். அன்றைக்கே ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறிவிட்டது.

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். நாலு கவளம் சாப்பிட்டு, "போதும்மா" என்று எழுந்துவிடுவார். இரண்டே மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழி போட்டாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

ஆபீஸில் பக்கத்து ஸீட்காரன்தான் வழி சொன்னான். "கொஞ்சம் புளிப்பு இருந்தா நாக்கு உப்பை அவ்வளவா தேடாதுடா. வினிகர் ட்ரை பண்ணு. அதுல உப்பே கிடையாது." டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா. ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன்.

முறை ரொம்பச் சுலபம். கண்ணாடி பாட்டிலைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்துக் காயவைக்க வேண்டும். கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், நாலு மிளகு, எலுமிச்சைத் தோல் (வெள்ளைப் பகுதி கசக்கும், பச்சைத் தோல் மட்டும்) என்று எது பிடிக்குமோ, கழுவி ஈரம் போகத் துடைத்து உள்ளே போடலாம். வினிகரைக் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி ஊற்ற வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, அமிலம் அரித்துவிடும். இரும்பு மூடியும் கூடாது. இருட்டு மூலையில் மூன்று வாரம் வைத்து, வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மாதம் தாங்கும். முக்கியமான ஒன்று: வினிகரில் தண்ணீர் சேர்த்து விளாவக் கூடாது. கெட்டுப் போகாமல் காப்பதே அந்தப் புளிப்புதான்.

மூன்று பாட்டில் போட்டேன். ஒன்று கறிவேப்பிலை-மிளகாய். ஒன்று எலுமிச்சைத் தோல். மூன்றாவது பூண்டு.

சில நாள் கழித்து ஒரு காலை. "ஏண்டா, இங்க வா!" அம்மா குரலில் பாம்பைப் பார்த்த பதற்றம். பூண்டுப் பல் எல்லாம் மயில் கழுத்துப் பச்சை-நீலமாகிவிட்டிருந்தது. "அப்பாவுக்கு வெஷம் வெக்கப் பாத்தியேடா பாவி!" என் சமாதானம் எதுவும் எடுபடவில்லை. பாட்டில் தென்னை மரத்தடிக்குப் போயிற்று.

பிறகு படித்துப் பார்த்தேன். பூண்டில் இருக்கும் கந்தகப் பொருள்கள் புளிப்பில் சேர்ந்தால் சில சமயம் இப்படி நிறம் மாறுமாம். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வட சீனாவில் இந்த நிறம் வருவதற்காகவே பூண்டை வினிகரில் ஊறப் போட்டு, 'லாபா பூண்டு' என்று பெயர் வைத்துப் பண்டிகைக் காலத்தில் சாப்பிடுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சீனாக்காரன் பாம்பு கூடத்தான் தின்றான்" என்று கேஸை முடித்துவிட்டாள்.

ஆனால் பாட்டிலைக் கொட்டுமுன் லேபிளைப் படித்திருந்தாள். "இதுல 'சிந்தெடிக்'னு போட்டிருக்கே, அப்படின்னா என்னடா?" அசெட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது என்று அர்த்தம். நம்மூரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். சட்டப்படி விற்கலாம், லேபிளில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. நொதிக்க வைத்துச் செய்த நிஜ வினிகர் வேறு. அம்மா கேட்டாள்: "நிஜக் காடி கிடைக்காதா? எங்க பாட்டி சொல்வாளே?"

காடி! வினிகருக்கு நம்மிடம் இருந்த பழைய பெயர். (மலேசியத் தமிழரிடம் காடி என்றால் காரைத் தவறாக நினைப்பார்கள், ஜாக்கிரதை.)

நம் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையில் ஒரு பனையேறிப் பெரியவர் இருக்கிறார். ஸீஸனில் ரோட்டோரம் ஓலையை மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுப்பார். அவரிடம் போனேன்.

"பெரியவரே, வீட்ல காடி போட கொஞ்சம் சரக்கு கிடைக்குமா?"

சிரித்தார். "தம்பி, கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநி. தடவாட்டி கள்ளு. கள்ளை மறந்து வெச்சுட்டா காடி. காடிக்கு வழி கள்ளு மேலதான் போவுது. அந்த வழியில போலீஸ் நிக்குதே!"

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். அப்புறம் வேறொரு பாக்டீரியா காற்றின் துணையோடு அந்தச் சாராயத்தை அமிலமாக்கும். பிரான்சில் லூயி பாஸ்டர் 1860-களில் இதை விளக்கினார். வினிகர் என்ற பெயருக்கே பிரெஞ்சில் 'புளித்த ஒயின்' என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் பனஞ்சாறு இனிப்பாக இருக்கும்வரை சர்க்காருக்குச் சம்மதம். நடுவில் வருகிற கள்தான் குற்றம். கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளிலிருந்து அருமையான வினிகர் செய்து சமையலில் ஊற்றுகிறார்கள். நம் ஊரில் மரத்திலிருந்து வந்தால் குற்றம்; பாட்டிலில் வந்தால் பட்ஜெட்.

"எங்கப்பாரு காலத்துல அறுபது மரம் ஏறுவாரு" என்றார் பெரியவர். "எனக்கு இப்ப பத்து மரம். அதுவும் மூணு மாசம், நாலு மாசம். எம்புள்ள கம்பெனிக்குப் போறான். மரத்தை அண்ணாந்து பாக்கறதோட சரி. அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். விழுந்தா யாரு கேப்பா?" கொஞ்சம் நிறுத்தி, "காடியெல்லாம் எதுக்கு? வூட்ல யாருக்கு?" என்றார். அப்பா கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓலையை மடித்துப் பதநீர் ஊற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உப்பில்லாத சோறு தின்னவனுக்குத்தான் அது தெரியும். எனக்கும் பிரஷர்தான்."

கடைசியில் மதுராந்தகம் கடையில் தேடிப் பிடித்து, நொதிக்க வைத்த வினிகர் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். மறுபடி கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மிளகு. பூண்டுக்கு அம்மா தடா போட்டுவிட்டாள். மூன்று வாரம் காத்தோம். (அவசரப்பட்டு அப்படியே குடிக்கிற வீரர்களுக்கு: பல் எனாமல் அரிக்கும். வினிகர் எந்த வியாதிக்கும் மருந்தில்லை. நாக்குக்கு மட்டும்தான்.)

போன ஞாயிற்றுக்கிழமை. வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, அதன் மேல் ஒரு ஸ்பூன் தெளித்து, அம்மா ஒன்றும் சொல்லாமல் இலை ஓரத்தில் வைத்தாள். நான் பேப்பர் படிப்பது மாதிரி பாவனை.

அப்பா ஒரு வாய் போட்டார். மென்றார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"இதுல உப்பு போட்டியா?"

"ஒரு கல்லு கூடப் போடலை."

"பொய் சொல்றே."

அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"சரி, இன்னும் கொஞ்சம் வை. சோறும்தான்."

பெரியவருக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.