தோற்றாலும் நியாயமாகத் தோற்க வேண்டும்

கணினிச் சண்டை விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "அடிதடி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுத்துவிடும்" என்பார்கள் பெரியவர்கள். "படிப்புச் சுமைக்கு நடுவில் மனத்துக்குக் கொஞ்சம் ஓய்வு" என்பார்கள் இளையர்கள். எதிரெதிராகத் தோன்றினாலும், இரு தரப்பினரும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். இவ்விளையாட்டுகளின் இன்பம் அடிப்பதில்தான் இருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள்.

என் கருத்து வேறு. அடிப்பதே இன்பம் என்றால் எல்லாச் சண்டை விளையாட்டுகளும் ஒரே மாதிரி இனிக்க வேண்டுமே! ஒரு விளையாட்டை அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் மூடிவிடுகிறோம். இன்னொன்றில் ஒரே எதிரியிடம் முப்பது முறை தோற்ற பின்னும் எழுந்து போக மனம் வருவதில்லை. இரண்டிலும் வாள் உண்டு, இரத்தம் உண்டு, இரைச்சல் உண்டு. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வேறுபாடு? நியாயத்திலிருந்து வருகிறது என்பதே என் பதில்.

முதலாவதாக, விளையாட்டு நம் கைக்குக் கட்டுப்பட வேண்டும். ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. அதில் சில ஃபிரேம்கள் தாமதமானாலே, "நான் அழுத்தினேன், அது கேட்கவில்லை" என்ற எரிச்சல் வந்துவிடும். அடி விழுந்ததையும் விளையாட்டு நமக்குத் தெளிவாக உணர்த்த வேண்டும். கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டைக் கூர்ந்து பாருங்கள். அடி விழும் கணத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் சில ஃபிரேம்கள் அப்படியே உறைந்து நிற்பார்கள். கண் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனாலும் அடியின் கனம் மனத்தில் பதிகிறது. அந்தச் சிறு நிறுத்தத்தை எடுத்துவிட்டால் காற்றில் கை வீசியது போல் ஆகிவிடும்.

இதே விளையாட்டில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. அடிமேல் அடியாகத் தொடுக்கும் 'காம்போ' முன்கூட்டித் திட்டமிடப்பட்டதன்று. தயாரிப்பாளர் நோரித்தாக்கா ஃபுனாமிசு, காரை உடைக்கும் ஊக்கச் சுற்றைச் சோதித்தபோது, சரியான நேரத்தில் அழுத்தினால் ஓர் அடிக்குள் இன்னோர் அடியைச் சேர்க்க முடிவதைக் கண்டார். பயன்படுத்த மிகக் கடினம் என்று கருதி அதை அப்படியே விட்டுவைத்தார். ஆட்டக்காரர்களோ அதைக் கண்டுபிடித்துப் பழகி ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். விதி எல்லாருக்கும் எப்போதும் ஒன்றாக இருந்ததால்தான் அது பயிற்சிக்கு வசப்பட்டது.

இரண்டாவதாக, எதிரி சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். 2019-இல் வெளிவந்த 'செக்கிரோ' இதற்கு நல்ல சான்று. எதிரியின் வாள் நம்மைத் தொடும் கணத்தில் நம் வாளால் அதைத் தட்டிவிட வேண்டும். தட்டத் தட்ட எதிரியின் நிலை குலைகிறது. முற்றிலும் குலைந்ததும் வீழ்த்தும் வாய்ப்புக் கிடைக்கிறது. சாதாரணமாகத் தடுக்க முடியாத அடி வருமுன், 'ஆபத்து' எனப் பொருள்படும் சிவப்பு எழுத்து திரையில் தோன்றும். மிகக் கடினமான விளையாட்டு எனப் பெயர் எடுத்தது இது. ஆனால், சொல்லாமல் ஏமாற்றிவிட்டது என்று அதைக் குறைகூறுவது கடினம்.

மூன்றாவதாக, நம் முடிவுக்கு நாமே விலை கொடுக்க வேண்டும். 2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் பெரிய கோடரியை ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு வீச்சுக்கும் உடலின் தெம்பு குறையும். தெம்பு தீர்ந்தால் தற்காத்துக்கொள்ளவும் முடியாது. எனவே ஓங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து எடுத்த முடிவு பலித்தால் அந்த ஓர் அடி நூறு அடிகளுக்குச் சமம்.

இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த காட்சி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004-இல் கலிஃபோர்னியாவில் நடந்த 'ஈவோ' போட்டியில் ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' விளையாட்டில் மோதினார்கள். டைகோவிடம் எஞ்சியிருந்தது கடுகளவு உயிர். எதிராளி 15 உதைகள் கொண்ட தொடர் தாக்குதலைத் தொடுத்தார். வழக்கம்போல் பின்வாங்கித் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும். அதுவே தோல்விக்குப் போதும். எஞ்சியது ஒரே வழி. ஒவ்வோர் உதையும் படும் கணத்தில், பின்னால் போகாமல், எதிரியை நோக்கிக் குச்சியைத் தள்ள வேண்டும். டைகோ 15 உதைகளையும் அவ்வாறே தட்டிவிட்டு, திருப்பித் தாக்கி அந்த ஆட்டத்தை வென்றார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அவ்வாண்டுப் பட்டம் டைகோவுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை பேசப்படுவது அந்தச் சில நொடிகள்தாம். மக்கள் ஆர்ப்பரித்தது வன்முறையைக் கண்டா? இல்லை, ஒரு மனிதனின் பயிற்சியைக் கண்டு!

நம் சிங்கப்பூரின் ஹோ குன் சியான் 2013-இல் அதே ஈவோவில் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' பட்டத்தை வென்றார். அவர் தேர்ந்தெடுத்த பாத்திரம் ஜென் என்னும் முதியவர். பலரும் கையாளத் தயங்கிய பாத்திரம் அது. விதி நியாயமாக இருந்ததால் உழைப்பு வென்றது.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' வெளிவரும் நேரத்தில், பணம் கொடுத்து வாங்கும் பெட்டிகளிலிருந்து போருக்கு உதவும் அட்டைகள் கிடைக்கும் ஏற்பாடு பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெளியீட்டுக்குச் சற்று முன் அந்த விற்பனையை நிறுவனம் நிறுத்திவைத்தது. அது ஒரு விளையாட்டின் கதை. நம் கைப்பேசியிலோ வெள்ளியைச் செலுத்தினால் வாள் கூர்மையாகும் விளையாட்டுகளுக்குக் குறைவே இல்லை. அங்கே வென்றால் பெருமை பணப்பைக்கு. தோற்றால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

"களைத்து வீடு திரும்புபவனுக்கு நியாயம் எதற்கு? நாலு பேரை அடித்துவிட்டுப் படுக்கப் போகிறான்" என்று சிலர் கேட்கலாம். ஓய்வுக்காக விளையாடுவதில் தவறில்லை. ஆனால் அந்த நாலு அடியும் நம் கையால் விழுந்ததாக இருந்தால்தான் ஓய்வும் இனிக்கும். வன்முறைக் காட்சிகள் சிறுவர்களுக்கு ஏற்றவையல்ல என்பதையும் நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரில் 2008 முதல் நடப்பில் உள்ள வயது வகைப்பாடு தேவையான ஒன்றே.

எனினும், "இதில் எத்தனை பேரை அடிக்கிறாய்?" என்று பிள்ளைகளைக் கேட்கும் பெற்றோர், "இதில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று உனக்குத் தெரிகிறதா?" என்றும் கேட்கலாம். நாமும் அதே கேள்வியை நம்மைக் கேட்டுக்கொள்வோம். பதில் சொல்ல முடிகிற விளையாட்டுக்கு நம் நேரத்தைக் கொடுப்போம். முடியாத விளையாட்டுக்கு நேரமும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம்.