முதலில் சிரிப்பு, பிறகு கிளிக்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், "இதை வைத்து ஒரு வெளிநாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்கின்றனர். தாராளமாக முடியும். ஆனால் பலரும் செய்கிற ஒரு தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ஒரு வாக்கியத்தைக் கண்டதும் காப்பி செய்து, மொழிபெயர்ப்புத் தளத்தில் பேஸ்ட் செய்து, வந்த விடையைப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். விடை கிடைக்கிறது, மொழி மட்டும் வருவதில்லை.

பிரெஞ்சு மொழியையே எடுத்துக்கொள்வோம். அதில் "அவன் எனக்கு ஒரு முயலை வைத்தான்" என்று சொல்வார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். நாம் "அல்வா கொடுத்துவிட்டான்" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பு சாப்ட்வேர்கள் இத்தகைய தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, முயலை அப்படியே நம் முன் கொண்டுவந்து நிறுத்தின. நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். 2016-ல் கூகுள், பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிகளை நியூரல் முறைக்கு மாற்றியது. இன்றைய மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் சரியான பொருளே நேராக வந்துவிடுகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் முயல் காணாமல் போய்விட்டது. கற்றுக்கொள்பவருக்கு அது நஷ்டம் என்பதே என் கருத்து.

புதுச்சேரியில் இருக்கும் என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். மகன் குடும்பம் பிரான்சில். பேத்திக்குப் பிரெஞ்சு மட்டுமே சரளமாக வரும். வீடியோ காலில் "போன்ழூர்", "சா வா" என்று இரண்டு வார்த்தைகள். பிறகு இரு பக்கமும் மௌனம். பேத்தி பேசுவதை ஒவ்வொரு முறையும் மகன்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அக்கா இந்த முயலைக் கற்றுக்கொண்டு, "நேற்று நீ எனக்கு முயல் வைத்துவிட்டாய்" என்று பிரெஞ்சில் சொன்னார். பேத்தி சிரித்த சிரிப்பு அடங்கப் பல நிமிடங்கள் ஆயின. அடுத்த வாரம், "பாட்டி, தமிழில் என்ன கொடுப்பார்கள்?" என்று அவளே கேட்டாள். இப்போது அவளுக்கு "அல்வா" தெரியும். இலக்கணப் புத்தகம் ஆறு மாதத்தில் செய்யாததை ஒரு முயல் செய்துவிட்டது.

இதை நீங்களும் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். ஒரு பிரெஞ்சுத் தொடரை எடுத்து, அகராதியின் உதவியோடு ஒவ்வொரு சொல்லாக நீங்களே தமிழில் எழுதுங்கள். "கோழிகளுக்குப் பல் முளைக்கும்போது" என்று வரும். ஒருபோதும் நடக்காது என்று பொருள். நம்மிடம் குதிரைக்கொம்பு இருக்கிறதே! "ஆப்பிள்களுக்குள் விழுந்தான்" என்றால் மயங்கி விழுந்தான். "நாக்கைப் பூனைக்குக் கொடுக்கிறேன்" என்றால் விடுகதைக்கு விடை தெரியவில்லை, தோற்றுவிட்டேன். பொருளை நீங்களாக ஊகித்த பிறகே மொழிபெயர்ப்புத் தளத்தைத் திறந்து சரிபாருங்கள். முதலில் சிரிப்பு, பிறகு கிளிக். இந்த வரிசை முக்கியம்.

உங்கள் மேஜைமீதே பாடம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் மவுஸுக்கும் உண்மையான எலிக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்: "சூரி". நம் சிரிப்பு நடிகர் பெயர் போல இருப்பதால் மறக்காது. "ஜ சூரி" என்றால் "நான் புன்னகைக்கிறேன்" என்றும் பொருள்! சிலிக்கன் சிப்பை அவர்கள் "தெள்ளுப்பூச்சி" என்பார்கள். போல்டு எழுத்துக்கு "கொழுத்தது" என்று பொருள்படும் சொல். நாம் "தடித்த எழுத்து" என்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கம்ப்யூட்டரை அவர்கள் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்ஸ் பிரிவு கேட்டுக்கொண்டதன்பேரில், ழாக் பெரே என்ற பேராசிரியர் "ஓர்தினாத்தேர்" என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்க முன்பு வழங்கிய சொல் அது. அடிக்கடி ஹேங்க் ஆகும் மெஷினுக்கு இந்தப் பெயரா என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

எழுத்துகளின் மேலே வரும் கோடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். "பேஷ்" என்றால் பீச் பழம். நடுவில் உள்ள கோடு திசை மாறி, கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடும் சேர்ந்து "பேஷே" ஆகிவிட்டால் அது பாவம்! விண்டோஸில் நம் லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்பக்க எண் பகுதியில் 0233 என்று டைப் செய்து கையை எடுங்கள். கோடு போட்ட எழுத்து வந்துவிடும்.

தைரியம் உள்ளவர்கள் போனின் மெனுவை ஒரு நாள் முழுக்கப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றும் முன், எந்த வழியாக உள்ளே போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வருவதற்குள் பிரெஞ்சில் புலமையே வந்துவிடும்.

சிரித்துக்கொண்டே இருந்தால் இலக்கணம் வந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். வராது. வினைச்சொற்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். பெயர்ச்சொற்களில் ஆண்பால் எது, பெண்பால் எது என்பதற்கும் உழைப்பு வேண்டும். விசா விண்ணப்பத்திலும் கல்லூரிக்கு எழுதும் கடிதத்திலும் முயல், கோழி விளையாட்டெல்லாம் கூடாது. அங்கே தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உழைப்பைத் தொடர ஓர் ஆசை வேண்டுமல்லவா? அந்த ஆசையைச் சிரிப்பு தருகிறது.

காளமேகப் புலவரின் சிலேடைகளை ரசித்தவர்கள் நாம். சொல்லோடு விளையாடுவது நமக்குப் புதிதல்ல. மெஷின் ஒரு நொடியில் விடை தரட்டும். அந்த நொடியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், போதும். இன்று இரவே ஒரு தொடரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்காருங்கள். யாருக்கும் விடை தெரியாவிட்டால், நாக்கைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு கிளிக் செய்யுங்கள்!